இருபத்தொரு நாள் புரோக்கோலி

உப்புமாவுக்கே தக்காளி சாஸ் ஊற்றிக்கொள்கிற ஆள் சுப்பண்ணன். அரவேணுவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு பாட்டிலுக்கா பஞ்சம்? இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை என்று கோயமுத்தூரிலிருந்து அனுப்பிவைத்த பிறகும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பாட்டில் ஒளிந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்த மனைவி மரகதம் அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்து பவுல்ராஜிடம் புரோக்கோலி வாங்கி வந்து வேகவைத்தாள். கணவர் மறுபேச்சுப் பேசக்கூடாதென்று செல்போனைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டிலும் உள்ள சத்துகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதினாள். சர்க்கரையும் உப்பும் சாஸில் கொட்டிக் கிடந்தன. நார்ச்சத்தும் விட்டமின் சியும் புரோக்கோலியில்தான் அதிகம். தக்காளியின் சிவப்புச் சத்து சாஸில் மட்டும் இருந்தது. அதை மனசில்லாமல் எழுதினாள். புரோக்கோலியில் விட்டமின் கே ஐம்பது மடங்கு என்றதும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, கீழே இரண்டு கோடு போட்டாள்.

"ஏனுங்க, எதுல சத்துன்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

"வேண்டாம் புள்ள. கீரை, பச்சைக் காயெல்லாம் திடீர்னு நெறையத் திங்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு."

"டாக்டர் சொன்னது உங்க காதுக்கு மட்டுந்தான் கேட்டுச்சுங்களா?"

பாட்டிலை ஒளித்த மனுஷன் பேச்சை யார் நம்புவார்? ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவில்தான் கிடந்தது. எடுத்துப் புரட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. ஜெயித்தவர்கள் எங்கே புரட்டுகிறார்கள்!

மூன்று வேளையும் தட்டு நிறைய. சப்பென்று இருக்கிறது என்றார், நாளைக்குத் தின்கிறேன் என்றார், ஒருநாள் கோபித்துக்கொண்டு கடைக்கே போய்விட்டார். மரகதம் தட்டோடு பின்னாலேயே போனாள். "அவரு மொகமே தெளிஞ்சிருச்சு" என்று பவுல்ராஜிடம் பெருமை வேறு.

இருபத்திரண்டாம் நாள் காலை, கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தவரின் வலது கை தானாகத் தொங்கியது. வாய் கோணியது. பேச்சு நின்றது.

"புதுசா என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார் கோயமுத்தூர் டாக்டர். மரகதம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"விட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும்மா. மாத்திரையே அதைத் தடுக்கத்தான். தினம் ஒரே அளவா, கொஞ்சமா சாப்பிட்டிருந்தா பரவாயில்லை. இப்படிக் குடுத்ததுல மாத்திரை எடுபடாமப் போச்சு. வால்வுல உறைஞ்ச ரத்தம் மூளைக்குப் போயிருச்சு. இதை அவர்கிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்? உங்ககிட்ட சொல்லலையா?"

மகளும் சம்பந்தியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரகதத்துக்குப் பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

"எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள்.

கட்டிலில் சுப்பண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை. மரகதம் குனிந்து போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.