சூடு ஆறும் வரைக்கும்

வண்டி நிற்கப் போகிறது என்பது ஹுஸ்னாவுக்கு இரண்டு நிமிடம் முன்னாடியே தெரிந்துவிடும். முதலில் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் ஏனோதானோவென்று உருளும். பிறகு சைலன்சரில் பட் பட்டென்று இரண்டு வெடி. அதோடு அடங்கிவிடும்.

நிற்கிற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வருகிற சாலையில் திராட்சைப் பந்தல்கள் முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பிக்கும். அங்கே வாய்க்கால் மதகு ஒன்று, அதையொட்டி உட்காரத் தோதாக ஒரு சிமெண்டுக் கட்டை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வண்டி சொன்னபடி கேட்கும். பகல் முழுக்கப் பள்ளிக்கூட வாசல் வெயிலில் காய்ந்துவிட்டு, மூன்றரை மணிக்குத் திரும்பும்போதுதான் இந்த வேலையைக் காட்டும்.

முதல் இரண்டு நாள் கால் நோக உதைத்துப் பார்த்து அழுதிருக்கிறாள். மூன்றாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்து எழுந்து சும்மா ஓர் உதை உதைத்தாள். ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஓடியது.

"என்ன டீச்சரு, இன்னைக்கும் குதிர படுத்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே மொக்கம்மாள் போவாள். திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவள். தலையில் புல்லுக்கட்டு இருக்கும்.

"படுத்துருச்சுக்கா."

"உங்க வீட்டுக்காரக கிட்டச் சொல்லி ஒரு எருமை வாங்கித் தரச் சொல்லு. படுத்தாலும் பாலாச்சும் கறக்கலாம்."

சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அதற்குப் பிறகு யாரும் இல்லை. கணவர் கொடுத்திருந்த செல்போனுக்கும் அந்த இடத்தில் டவர் கிடையாது. ஹுஸ்னா கட்டையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். ஒரு நாள் மதகுச் சுழலில் தென்னை மட்டைத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு சுற்றியது. அது வெளியே போகுமா போகாதா என்று இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. அதற்காக அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த நினைப்பே குடிக்கக் கிடைத்த தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது.

வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஓர் இடம் இருக்கும். மாமனார் நூர் முகம்மதுக்கு இடது பக்கம் விழுந்து மூன்று வருஷமாகிறது. கட்டிலிலிருந்தே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நாலரை மணி மாத்திரையை நாலு இருபதுக்கே கேட்பார். அதையும் கெஞ்சிக்கொண்டுதான் கேட்பார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பெரிய மகள் வீட்டுப்பாடக் கணக்குக்கு விடை கேட்பாள். தொழுது முடித்து ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பினால், அந்தப் பக்கம் சின்னவள் அவிழ்ந்த சடையோடு காத்திருப்பாள். கணவர் ஆரிப் ஏலக்காய் வாங்கி விற்கிறவர், குரல் உயர்த்தாத மனுஷன். "ஹுஸ்னா, ஒரு நிமிசம்" என்பார். அந்த வீட்டில் எல்லாமே ஒரு நிமிஷ வேலைதான். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை அந்த ஒவ்வொரு நிமிஷமும் அவளுடையது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், தேங்காய் வியாபாரி கர்ணன் கடைவீதியில் ஆரிப்பைப் பிடித்துக்கொண்டார். "பாய், உங்க வீட்டம்மா தெனமும் மதகுல வெயில்ல உக்காந்திருக்காக. பாக்கவே பாவமா இருக்கு." ஆரிப் முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரமே மதுரைக்குப் போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை அவளையும் வண்டியையும் மலைச்சாமியின் ஒர்க்ஷாப்புக்கு அழைத்துப் போனார்.

பெட்டிக்குள் இருந்தது சி.டி.ஐ. பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற கறுப்புச் சாமான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வண்டியில் முதலில் இருந்தது ஜனவரியில் செத்துப்போனபோது, மலைச்சாமி கம்பெனிப் பேரில்லாத வெளிச்சாமான் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"டூப்ளிகேட்டப் போட்டுட்டியே மலைச்சாமி" என்றார் ஆரிப்.

"பாய், பொத்தாம்பொதுவா பேசாதீங்க. சூடு ஏறுனா இதுல டைமிங் நிக்காது, பொறி பிந்தி விழும், அப்பறம் விழவே விழாதுன்னு அன்னைக்கே டீச்சர்ட்ட சொல்லிட்டேன். கம்பெனி சாமான் பத்து நாள்ல வந்துரும், வந்து மாத்திக்கங்கன்னேன். நீங்களே கேளுங்க, டீச்சரு திரும்ப வரவேயில்ல."

ஆரிப் அவள் பக்கம் திரும்பினார். "ஏன் சொல்லல?"

"மறந்துபோச்சு மச்சான்."

அவள் மறக்கவில்லை. பதினோராம் நாள் ஒர்க்ஷாப் வாசலைத் தாண்டிப் போனதும், கண்ணை நேரே வைத்துக்கொண்டதும் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அதற்குக் காரணம் தேடவில்லை. இப்போது மலைச்சாமி பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒற்றை போல்ட்டைத் திருகி, ஒயர்களை இணைக்கிற இரண்டு கப்ளரை உருவிப் பழையதை எடுக்கும்போது, யாரோ தன் பெட்டியைத் திறந்து துணிகளைக் கிளறுவது போல இருந்தது. கழற்றியதைப் பழைய சாமான் கிடக்கும் தகர டப்பாவில் எறிந்தார்.

"இனிமே குதிர மாதிரி ஓடும்" என்றார் ஆரிப். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வரும் வழியில் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவள் சிரித்தாள்.

திங்கட்கிழமை மூன்று ஐம்பதுக்கு வீட்டில் இருந்தாள். ஆரிப் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா!" செவ்வாய்க்கிழமை மாமனாருக்குக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி நாலு மணிக்கு மாறியது. புதன்கிழமை ஆரிப்பின் தங்கை யாஸ்மின் போன் செய்தாள். "மதினி, இப்பதான் வெள்ளன வந்துர்றீகளாமே. எங்க ரெண்டையும் அனுப்புறேன், தமிழ் மட்டும் கொஞ்சம் பாத்துவிடுங்க." அந்த இருபது நிமிடம் இருந்த இடமே தெரியாமல் அடைந்துபோக மூன்றே நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை மதகருகே அவளாகவே வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தாள்.

"படுத்துருச்சா?" என்றாள் மொக்கம்மாள்.

"இல்லக்கா. நல்லாத்தான் ஓடுது."

மொக்கம்மாள் நின்றுவிட்டாள். "ஓடுதா? பெறகு என்னத்துக்கு இங்கன நிக்குற? யாரும் வர்றாகளா?" சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாரும் வரல. சும்மா உக்காந்தேன்."

"சும்மாவா?" புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். குரலையும் இறக்கினாள். "வீட்டுல ஏதும் சண்டையா தாயி?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இருந்தாலும் சொல்ல மாட்ட. எந்திரி. நீ வண்டி எடுக்குற வரைக்கும் நான் இங்கனயேதான் நிப்பேன். ஒத்தையில விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

ஹுஸ்னா எழுந்து வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். கெட்டுப்போன வண்டி பக்கத்தில் இருந்தவரை அவள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவளுக்கான பதிலை வண்டியே சொல்லிவிடும். ஓடுகிற வண்டியோடு ரோட்டோரம் நிற்கிற பொம்பளைக்கு ஒரு காரணம் வேண்டும். அவளிடம் இருந்த காரணமோ வெளியே எடுத்தால் காரணம் போலவே தெரியாது.

மறுநாள் காய்கறிப் பையோடு மலைச்சாமியிடம் போனாள்.

"அண்ணே, அந்தப் பழைய சாமானத் திரும்பப் போட்டுத் தர்றீங்களா?"

மலைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஏன், புதுசு மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

அவள் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். மலைச்சாமி வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "டீச்சர், எதுக்குன்னு நான் கேக்கல. ஆனா பாய் நாலு பேரு முன்னாடி என்னைய டூப்ளிகேட்டுன்னுட்டுப் போயிட்டாக. மறுபடியும் வண்டி ரோட்டுல நின்னா ஊரு ஒங்களச் சொல்லாது, என்னையத்தான் சொல்லும். தெரிஞ்சே கெட்டதப் போடச் சொல்றீகளே, நல்லாருக்கா?"

அவளுக்கு முகம் சுட்டது. இரண்டு மாதமாகத் தான் உட்கார்ந்திருந்தது இந்த மனுஷனின் பேர் மேல் என்று அதுவரை தோன்றியதே இல்லை. "தப்புதான்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வரை விட்டும் இருந்தாள். புதன்கிழமை காலையில் சின்னவளுக்குக் காய்ச்சல். மாமனார் படுக்கையை நனைத்துவிட்டு, அவள் துணி மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வராத டீச்சருடைய வகுப்பும் அவள் தலையில் விழுந்தது. சாயங்காலம் மதகுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, மலைச்சாமி செய்தது போலவே ஒரு கப்ளரை உருவித் தொங்கவிட்டாள். நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

"அடப் பாவமே, மறுபடியும் படுத்துருச்சா?" மொக்கம்மாள் நிற்காமல் போனாள். "அப்பவே எருமை வாங்குன்னேன்ல!"

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஹுஸ்னா கட்டையில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஓடியது. பந்தலுக்குள் யாரோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் காது மட்டும் சாலையிலேயே கிடந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் முதுகு விறைத்தது. முன்பெல்லாம் சூடு ஆறும் வரைக்கும் அவளால் ஆகக்கூடியது எதுவும் இருந்ததில்லை. அதனால் அந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. இன்றைக்கு அந்தக் கப்ளர் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கியது. எந்த நிமிஷத்திலும் அதை மாட்டிவிட்டுப் போகலாம். போகாத ஒவ்வொரு நிமிஷமும் மாமாவின் மாத்திரையிலிருந்தும் பிள்ளையின் காய்ச்சலிலிருந்தும் எடுத்ததாக இருந்தது. வீட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், வீடு அவளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஏழு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கப்ளரைத் திரும்ப மாட்டக் குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கர்ணன் மோட்டார் சைக்கிளில் கடந்து போனார். திறந்து கிடந்த மூடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நிற்கவில்லை.

வீட்டு வாசலில் ஆரிப் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கோபத்தை அவள் அவரிடம் பார்த்ததில்லை.

"மறுபடியும் நின்னுருச்சாமே? கர்ணன் இப்பதான் போன் பண்ணுனாரு. ஒரிஜினல் சாமான எடுத்துக்கிட்டு அந்தப் பய பழசையே வச்சு மூடியிருக்கான். திருட்டுப் பய. வா, ரெண்டு பேரும் போவோம். இன்னைக்குக் கடைவீதியிலயே வச்சுக் கேக்குறேன் அவன."

சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"மலைச்சாமி அண்ணன் ஒண்ணும் பண்ணல மச்சான். வண்டி நிக்கல."

"கர்ணன் பாத்துருக்காரு."

"நான்தான் கப்ளர உருவிவிட்டேன். கொஞ்ச நேரம் உக்காரணும்னு இருந்துச்சு."

ஆரிப்புக்குப் புரியவில்லை. கோபம் இறங்கி, அந்த இடத்தில் கவலை வந்து உட்கார்ந்தது. "உக்காரணும்னா? தல சுத்துச்சா?"

"இல்ல."

"பெறகு?"

"சும்மா."

"சும்மா உக்கார ரோட்டுக்கா போவாக? வீட்டுல வந்து சும்மா உக்கார வேண்டியதுதானம்மா?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாஸ்மினின் பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "மாமி, மாமி" என்றன. கட்டிலில் மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹுஸ்னா உள்ளே போய் மாத்திரையை எடுத்தாள். தண்ணீர்த் தம்ளரோடு திரும்பியபோது ஆரிப் பின்னாலேயே வந்து நின்றார். அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கை மெதுவாகத்தான் இருந்தது.

"ஒனக்கு அசதி. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நாளையிலருந்து வண்டி வேணாம். காலையில நானே கொண்டுபோய் விடுறேன், சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டு வந்துர்றேன். நீ பின்னாடி சும்மா உக்காந்து வந்தாப் போதும்."

"வேணாம் மச்சான்" என்றாள்.

"எனக்கு ஒரு செரமமும் இல்ல. செவ்வாய்க்கெழம மட்டும்தான் ஏலக்கா ஏலத்துக்கு மலைக்கு மேல போகணும். அன்னைக்கு ஒருநா நீயே வண்டியில வந்துக்க."

மாமனாரின் தலையைத் தூக்கிப் பிடித்து மாத்திரையை வாயில் போட்டாள். அவர் விழுங்கும்வரை தம்ளரைச் சாய்த்தபடி நின்றாள். ஆடும் தொண்டையைப் பார்த்துக்கொண்டே, செவ்வாய்க்கு இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் விரல் விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

அன்று புதன்கிழமை.