செவ்வாய், வியாழன், ஆறு மணி

“இன்னும் ஒரே ஒரு ஆள்! ஒருத்தர் வந்தா உடனே கிளம்பிடும்!” என்று சாலையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார் பெர்டிங். அவருடைய வேனுக்குள் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இலோயிலோ நகரத்துக்குப் போகிற வேன்கள் நிறைந்தால்தான் புறப்படும். நிறைகிறவரை அந்த ஒரே ஒரு ஆள் வந்துகொண்டேதான் இருப்பார். டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த நெரிஸா, கைப்பேசிக்கு வந்த செய்தியைத் திறந்து பார்த்தாள். இணையவழிக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைப் பிரிவிலிருந்து வந்திருந்தது. வணிக நிர்வாகப் பட்டம், வேறு கல்லூரியில் பாதியில் விட்டவர்களுக்குத் தனிச் சேர்க்கை, பழைய பாடங்கள் அத்தனைக்கும் மதிப்பு, நினைத்த நேரத்தில் படிக்கலாம் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசி வரியில், ‘மேடம், இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி’ என்று முடித்திருந்தார்கள்.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“என்ன இண்டாய், கப்பல்ல இருக்கற உன் புருஷன் காதல் கடிதம் எழுதிட்டானா?” என்று பெர்டிங் திரும்பிப் பார்த்தார். ஊர்ப் பெண்களையெல்லாம் அவர் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்.

“இல்லண்ணே. உங்ககிட்டத் தொழில் கத்துக்கிட்டவன் எவனோ ஒரு காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்திருக்கான்.”

சிரித்தாளே தவிர, அந்தச் செய்தியை அழிக்கவில்லை. அவளுக்கு ஒரு கல்லூரி வேண்டியிருந்தது. அதுவும் இந்தப் பருவத்திலேயே. நகரத்துக் கல்லூரியில் இரண்டு வருடம் வணிகம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்திகரிக்க அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் தேவைப்பட்டது. அண்ணன்களுக்கெல்லாம் வேலை இருந்தது. அவளுக்குப் படிப்புதான் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கூண்டில் வந்து உட்கார்ந்தவள், கல்யாணமாகியும் எழுந்திருக்கவில்லை. எந்தப் படிவத்தை வாங்கினாலும் ‘கல்லூரிப் பட்டம்’ என்ற கட்டத்துக்கு மேலே ‘கல்லூரி வரை’ என்று இன்னொரு கட்டம் இருக்கும். வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டவர்களுக்கான கட்டம் அது. அதில் குறியிட்டுக் குறியிட்டு அவளுக்குக் கை சலித்துவிட்டது. போதாததற்கு, பழைய பாடங்களைப் பத்து வருடம் வரைதான் எந்தக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும். இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அந்த இரண்டு வருடப் படிப்பு படிக்காததற்குச் சமம்.

விசாரித்துப் பார்த்ததில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, சேர்க்கைச் செய்தி அனுப்பிய இந்தக் கல்லூரி. பாடங்கள் காணொளியாக இருக்கும், விருப்பப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம். வருகைப் பதிவு கிடையாது, தாமதம் என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று நகரத்து அரசுக் கல்லூரியின் மாலைப் பிரிவு. அதுவும் வீட்டிலிருந்தபடியே படிப்பதுதான். ஆனால் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திரையின் முன்னால் முகம் காட்டி உட்கார வேண்டும். நாலாவது முறை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். தவிர, பழைய பாடங்களில் இரண்டை அவர்கள் ஏற்கவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னார்கள். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் முதலாவதுதான் கனம்.

எங்கே சேர்வதென்றாலும் பழைய கல்லூரி விடுவிப்புச் சான்று தரவேண்டும். அந்த நாட்டில் அதற்குப் பெயர் ‘கௌரவ நீக்கம்’. பெர்டிங்கின் வேனிலேயே நகரத்துக்குப் போய், பதிவாளர் அலுவலகச் சன்னலில் நின்றாள். உள்ளே இருந்த அம்மாள் தாளை முத்திரை குத்தித் தள்ளினாள்.

“ஒரு தடவைதான் தருவோம். எங்க குடுக்கறதுன்னு நல்லா யோசிச்சுக் குடு. ரெண்டு மாசம் கழிச்சு வந்து, மனசு மாறிடுச்சுன்னு அழக் கூடாது.”

“அழுவாங்களா?”

“உன்னை மாதிரிச் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறவங்கதான் திரும்பி வந்து அழறது.”

வீட்டுக்கு வந்து தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணவன் ரோமலின் தங்கை மெர்லி தன் இரண்டு பிள்ளைகளோடு அவர்களுடன்தான் இருக்கிறாள். சாயங்காலத்தில் தெருமுனையில் பன்றி இறைச்சி சுட்டு விற்கிறாள். கையில் குச்சிகளை வைத்துக்கொண்டே எட்டிப் படித்தவள், “நீக்கமா? ஐயோ அண்ணி, அந்தக் காலத்துல அங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்றாள்.

“முன்னாடி ‘கௌரவ’ன்னு போட்டிருக்கு பாரு.”

மறுநாள் இதைக் கேட்டு பெர்டிங் தொடையில் தட்டிக்கொண்டார். “என்னைப் பழைய பஸ் கம்பெனியில நீக்கினப்ப கௌரவமா ஒரு காபிகூட வாங்கித் தரல, இண்டாய்!”

நினைத்த நேரத்தில் படிக்கிற கல்லூரியில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை. மெர்லி அவளைக் கட்டிக்கொண்டாள். “ரொம்ப நல்லது அண்ணி. வீட்லதானே இருப்பீங்க! நான் கடையில நிக்கிறப்ப பிள்ளைங்க உங்க பக்கத்துலயே உக்காந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். படிக்கறவங்களைப் பாத்தாத்தான் அதுங்களுக்கும் புத்தி வரும்.” பெர்டிங் வேறு கணக்குப் போட்டார். “அப்படின்னா ஞாயித்துக்கிழமையும் கூண்டுலயே உக்காந்து படிக்கலாமே! ஞாயிறு டிக்கெட்டுக்கு ஆள் இல்லாம நாங்க நாய் படாத பாடு படறோம்.” பிரேசில் கரையோரம் எங்கோ கப்பலின் இயந்திர அறைக்கு வெளியே நின்று ரோமல் பேசினான். “சூப்பர் நெரி. நான் எப்பக் கூப்பிட்டாலும் பாடத்தை நிறுத்திட்டுப் பேசலாம்.” அவளுக்கும் ரோமலுக்கும் இன்னும் பிள்ளை இல்லை. அதனால் அவளுடைய நேரம் கட்டாமல் மேயவிட்ட மாடு என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்; இருட்டுவதற்குள் ஆளுக்கொரு பக்கம் பால் கறந்துகொள்ளலாம்.

அன்றிரவு சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன வருடம் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒத்திகை போல இருக்கட்டும் என்று கணக்கியலில் சின்னதாக ஒரு இலவசப் பாடத்தில் சேர்ந்திருந்தாள். அதுவும் காணொளிப் பாடந்தான். முதல் நாள் வாத்தியார் வணக்கம் சொல்லி, ‘வரவு என்பது’ என்று ஆரம்பித்தார். அதற்குள் மெர்லி அரிசி வாங்கக் கூப்பிட்டாள். நிறுத்திவிட்டுப் போனாள். வந்து உட்கார்ந்தால் ரோமல். ரோமல் போனை வைத்தால் சின்னவனுக்குக் காய்ச்சல். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்கு யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. எப்போது திறந்தாலும் வாத்தியார் அதே இடத்தில், ‘வரவு என்பது’ என்று பாதி திறந்த வாயோடு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். மழைக்காலம் முழுவதும் அவர் அப்படியே நின்றார். அவருடைய பற்களில் ஒன்று கோணலாக இருந்ததுகூட அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வரவு என்றால் என்னவென்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. அரிசி தேவைதான். காய்ச்சல் உண்மைதான். ரோமலின் குரல் அவளுக்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. நியாயங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றபோது அவள் ஒருத்திதான் வரிசையை விட்டு விலகி வழிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நகரத்துக்குப் போனாள். வேனிலிருந்து இறங்கும்வரை எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அரசுக் கல்லூரியின் சன்னலுக்குப் போய்த் தாளைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் இருந்த பையன் முத்திரையைப் பார்த்து, கோப்பில் போட்டு மூடிவிட்டு, “செவ்வாய் ஆறு மணி மேடம். ஆறு அஞ்சுக்கெல்லாம் பேர் படிச்சு முடிச்சிடுவாங்க” என்றான். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத் தன்னைப் பார்த்து யாரும் சொல்லி வெகுகாலமாயிற்று என்று அவளுக்குப் பட்டது. வெளியே வந்து ஒரு குளிர்பானம் வாங்கி, நின்றபடியே முழுவதும் குடித்துவிட்டு ஊர் திரும்பினாள்.

மெர்லிதான் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். “செவ்வாய் வியாழன் ஆறு மணின்னா கடையில புகை கிளம்பற நேரம் அண்ணி. பிள்ளைங்களை நான் அடுப்புலயா உக்கார வைப்பேன்?”

“கடைக்குக் கூட்டிட்டுப் போ. பெரியவனுக்குச் சில்லறை எண்ணத் தெரியும்.”

“உங்களுக்குன்னு ஒண்ணு இருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க.”

சொல்லிவிட்டு மெர்லியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நெரிஸா தட்டில் இருந்த கருவாட்டின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். சற்றுப் பொறுத்து, “மத்த நாள்லாம் நான் பாத்துக்கறேன் மெர்லி” என்றாள். “இந்த ரெண்டு நாள் மட்டும் நான் வீட்ல இல்லேன்னு நினைச்சுக்கோ.” மெர்லி எழுந்து போய் ஒரு மாம்பழத்தை வெட்டி, கதுப்பு இரண்டையும் அண்ணியின் தட்டில் வைத்துவிட்டு, கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டாள்.

செவ்வாயும் வியாழனும் அவள் ஐந்தரைக்கே கூண்டை மூடுவது பெர்டிங்குக்கு அநியாயமாகப் பட்டது. கடைசி வேன் நிறைவதற்கு ஏழு மணிகூட ஆகும்.

“அப்ப நிறையாத வண்டியை எடுக்கச் சொல்றியா?”

“நிறையற வரைக்கும் நில்லுங்கண்ணே. டிக்கெட்டை நீங்களே கிழிச்சுக் குடுங்க. அஞ்சரைக்கு மேல நான் இருக்க மாட்டேன்.”

“வேன் சங்கத்துக்காரங்க கேட்டா?”

“கௌரவமா நீக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.”

ரோமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். எண்ணெய்க் கறை படிந்த நெற்றி திரையில் பாதிதான் தெரிந்தது. அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

“எனக்குப் புரியல நெரி. அந்தக் காலேஜ்ல பழைய பாடமெல்லாம் அப்படியே எடுத்துக்கறான். நினைச்ச நேரத்துல படிக்கலாம்.”

“யாரு நினைச்ச நேரத்துல?”

அவன் பின்னால் இயந்திரம் முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிணற்றுக்குள் பேசுவது போல அவன் குரல் வந்தது. “கரைப்பக்கம் வர்றப்பதான் எனக்கு சிக்னல். அது கிடைக்கற நேரத்துலதானே கூப்பிட முடியும்? சிக்னலுக்குச் செவ்வாய்க்கிழமை தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் உன்கிட்ட முன்கூட்டியே சொல்றேன்.”

“அப்ப செவ்வாயும் வியாழனும் எனக்குப் பொண்டாட்டி கிடையாது.”

“ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும் கிடையாது.”

கொஞ்சம் தாமதித்துச் சிரித்தான். அந்தத் தாமதம் அலைவரிசையினாலா, அவனாலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. “சரி. எழுதி வச்சுக்கறேன்” என்றான். படம் உறைந்து, இணைப்பு அறுந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் நெடுநாளாகப் போடாமல் இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய் தடவி இழுத்தாள். மடிக்கணினியைச் சலவைத்துணி மேசையில் வைத்து, சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டாள். ஆறு மணிக்குத் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள் வந்தன. காவலாளிச் சீருடையில் ஒருவன், தொப்பியை மட்டும் கழற்றியிருந்தான். மாவு படிந்த மேலங்கியோடு ஒரு ரொட்டிக்கடைப் பெண். கார் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தபடி ஒரு நடுவயது மனிதர். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கதவு. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஆசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் குடும்பப் பெயர்களை வரிசையாக வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எங்கிருந்தோ எழுந்து, ‘இருக்கேன்’ என்றது. நெரிஸாவின் பெயர் வர இன்னும் சில பெயர்கள் இருந்தன.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. கவிழ்த்து வைத்திருந்தாள், ஓரங்களில் நீல வெளிச்சம் கசிந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். ரோமல். எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவன். மறந்திருக்கலாம். கரை தென்பட்டதும் கை தானாகப் போயிருக்கலாம். அப்படி இல்லாமல் ஏதாவது விபரீதமாகவும் இருக்கலாம். கப்பலில் இருப்பவர்கள் விஷயத்தில் இந்த மூன்றாவதை எப்போதும் ஒதுக்கிவிட முடிவதில்லை. கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து, வழவழப்பான மேசையில் அங்குலம் அங்குலமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. கதவுக்கு வெளியே சின்னவன், “போன் அடிக்குது, மாமாதான்!” என்று கத்தினான். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மெர்லி அவன் வாயைப் பொத்தி இழுத்துப்போவது கேட்டது.

“தமாயோ, நெரிஸா?” என்றாள் ஆசிரியை.

விழப்போன கைப்பேசியை அவள் இடது கையால் அமுக்கினாள். வலது கையால் ஒலிவாங்கியைத் திறந்தாள்.

“தமாயோ?” ஆசிரியை கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். எல்லாச் சதுரங்களிலும் முகங்கள் காத்திருந்தன.

“இருக்கேன், டீச்சர்” என்றாள் நெரிஸா. உள்ளங்கைக்குக் கீழே அது சூடாக, விடாமல், துடித்துக்கொண்டிருந்தது.