ரிவ்கா ஏற்றும் வரை

காதர்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், வெள்ளிக்கிழமைகளில், ரிவ்கா மெழுகுவத்தி ஏற்றுகிற வரைக்கும் சூரியன் மறையாது. மற்ற இடமெல்லாம் இருட்டி, பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு பல்லடம் போகும்; சந்துக்குள் மட்டும் மஞ்சள் வெயில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிவ்கா, கொச்சியிலிருந்து பனியன் வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்ட யூத வியாபாரி எலியாவின் மனைவி. அவர்கள் வழக்கத்தில் வெள்ளி சாயங்காலம் வீட்டுப் பெண் இரண்டு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் இரவு வரை நெருப்பைத் தொடக்கூடாது. அவளோ எதையும் நேரத்துக்குச் செய்கிற பெண் இல்லை. அதனால் சூரியன்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எதிர்க் கம்பெனியில் பனியன் மடிக்கும் மருதாளுக்கு இதில் ஏக வயிற்றெரிச்சல். பொழுது சாயும் வரை வேலை என்பது முதலாளி கருப்புசாமியின் சட்டம். வீட்டில் கைப்பிள்ளை பாலுக்கு அழும். ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்கக்கா, கொஞ்சம் வெரசாப் பத்த வெச்சாத்தான் என்னங்க? எம்புள்ள அங்க தொண்ட வறண்டு கத்தீட்டுக் கெடக்குது."

ரிவ்கா மாவுக் கையோடு ஓடிப்போய் ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபத்தை முணுமுணுத்தாள். அன்றிலிருந்து வெள்ளிதோறும் ஞாபகப்படுத்துவது மருதாளின் பொறுப்பாயிற்று. சண்டைக்குப் போனவள் சிநேகிதியாகிவிட்டாள்.

ஐம்பத்துநாலில் அவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோனார்கள். அடுத்த வெள்ளி சூரியன் நின்றது நின்றபடி நின்றுவிட்டது. மருதாள் காலி வீட்டு வாசலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தாள். சூரியன் சட்டை செய்யவில்லை. இனி இருட்டே வராதோ என்று சந்தே கதிகலங்கிக் கிடந்தது. ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகு சட்டென்று இருட்டியது. அந்தத் தேசத்தில் பொழுது நமக்குப் பிந்தித்தான் சாயும் என்று ஒரு பம்பாய் வியாபாரி சொன்னபோது மருதாளுக்கு விளங்கிவிட்டது. அக்கா நல்லபடியாக அங்கே போய் இறங்கிவிட்டாள்; அவள் அங்கே ஏற்றுகிறபோதுதான் இங்கே இருட்டுகிறது. அதன்பின் வெள்ளி என்றால் அப்படித்தான். முதலில் கருப்புசாமிக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பெண்கள் வெயிலைப் பார்க்காமல் ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து போகத் தொடங்க, அதுவும் அடங்கியது. மருதாள் மட்டும் இருட்டுகிற வரை இருந்துவிட்டுப் போவாள்.

அறுபத்தேழு ஜூனில் இஸ்ரேலில் யுத்தம் என்று ரேடியோ சொன்னது. அந்த வெள்ளி, வழக்கமான நேரம் தாண்டியும் வெயில் இறங்கவில்லை. காக்கைகள் அடையப் போகத் தெரியாமல் கம்பியில் உட்கார்ந்திருந்தன. மருதாள் சுவர் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றுதான் சூரியன் காத்திருக்கிறதா, இல்லை, அவள் இல்லாததுகூடத் தெரியாமல் நிற்கிறதா? யாரைக் கேட்பது? கருப்புசாமியும் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போக மனமில்லாமல் ஒரு பனியன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"தீப்பொட்டியத் தேடீட்டிருக்குமோ என்னமோ அந்தம்மா," என்றார்.

"இருக்குமுங்க. எப்பத்தான் நேரத்துக்குப் பண்ணியிருக்குது!" என்றாள் மருதாள்.

வெகுநேரம் கழித்து வெயில் சுவரை விட்டு இறங்கியது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டு வந்தது.

"பத்த வெச்சுட்டாங்க," என்றாள் மருதாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஐயையோ இருட்டிவிட்டதே என்று வீட்டைப் பார்த்து ஓடினாள்.