வசந்தி இல்லை, பசந்தி

தலைமையாசிரியை கரும்பலகையில் 'வசந்தி' என்று எழுதியதும், நான்காம் வகுப்பு சுபத்ராவின் அம்மா எழுந்துபோய் முதல் எழுத்தைக் கையால் அழித்துவிட்டு 'ப' போட்டாள். பசந்தி. ஒசூருக்கு வந்த ஏழு வருடத்தில் அவள் பெயரை யாரும் சரியாகச் சொன்னதில்லை, அவளும் திருத்தியதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த புதிதில் அவளுக்கு ஒரே நினைப்புதான்: இந்த ஊரோடு கரைந்துவிட்டால் யாரும் 'எந்த ஊரு' என்று கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் மகள் ஒடியாவில் வாய் திறந்தால் தொடையில் கிள்ளுவாள். ஒருநாள் சுபத்ரா அழாமல், "இனிமே அது பேச மாட்டேம்மா" என்றாள், சுத்தமான தமிழில். அன்றோடு பசந்தி கிள்ளுவதை விட்டாள்.

இன்றைய பெற்றோர் கூட்டத்தில், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பதவிக்கு அவள் பெயரை முன்மொழிந்தது, கம்பெனியில் கூடவே பேக்கிங் பார்க்கும் நிர்மலா.

ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் நாராயணப்பன் எழுந்தார். "டீச்சர், தமிழே சரியா வராத அம்மாவ வெச்சிகினு ஆபீசருங்க கிட்ட என்னான்னு பேசறது?"

"உங்க வூட்ல தெலுங்கு, இதோ இந்த மாரம்மாக்கா வூட்ல கன்னடம். இங்க யாருண்ணா சுத்தத் தமிழு?" என்றாள் நிர்மலா. எல்லாரும் சிரித்தார்கள். பசந்தி சிரிக்கவில்லை.

"அண்ணன் சொன்னது நெஜம். எனக்குத் தமிழ் தப்பா வருது. போன மாசம் புள்ளைங்க ரோடு தாண்டுது, லாரி வருது. 'நிறுத்து, நிறுத்து'ன்னு தமிழ்லதான் கத்தினேன். லாரி நிக்கல. ரெண்டு புள்ளைய இழுத்தேன். ஒண்ணு என் பொண்ணு. ஒண்ணு உங்க பொண்ணு."

நாராயணப்பனுக்கு அது தெரியாது. நின்றவர் அப்படியே உட்கார்ந்தார்.

"ஸ்கூல் முன்னாடி வேகத்தடை வேணும்னு நான் போயி கேக்கறேன். தப்புத் தமிழ்லயே கேக்கறேன். குடுக்கற வரைக்கும் கேக்கறேன்."

அறுபத்தெட்டு ஓட்டுச் சீட்டில் ஐம்பத்தொன்று அவளுக்கு விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே சுபத்ரா "மா ஜிதிகலா!" என்று குதித்தாள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தம். அது தெரியாமலே மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

வேகத்தடைக்கான மனுவில் இடத்தைக் குறிக்க வேண்டுமென்று எல்லாரும் ரோட்டுக்கு நடந்தார்கள். நாராயணப்பன் முதல் ஆளாக இறங்கித் துண்டை விரித்துப் பிடித்தார். சிப்காட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு நின்றன. அவற்றின் முன்னால், முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல், பசந்தி பள்ளியிலிருந்து எடுத்துவந்த சுண்ணாம்புத் தூளைக் கைநிறைய அள்ளி, தார்ச்சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனாள்.