கரண்டியை ஒப்படைத்தல்

மோர்க்குழம்பு நுரைகட்டும் நேரத்தில் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். லலிதாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடே போனாள்.

எம்.பி. நாகேஸ்வரனை மலையாளச் சேனல்காரன் ஷாஜி பேட்டி எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறைக்கு மேல் யாரும் எம்.பி.யாக இருக்கக் கூடாது. அப்படியொரு சட்டம் வேண்டும் என்று நாகேஸ்வரன் ஊரெல்லாம் பேசிவந்தார்.

"சாருக்கு இது நாலாமத்தெ தடவையல்லே? சார் எப்போ எறங்ஙும்?"

அந்தச் சட்டத்தைக் கொண்டுவரவாவது நான் உள்ளே இருக்க வேண்டாமா என்றார். ஷாஜி விடவில்லை. அப்போதுதான் அவளைக் கூப்பிட்டது.

இந்த மாமிதான் என் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் என்று கேமராவைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார். குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கை என்றால் நாக்கு மரத்துவிடும். மாற்றத்தை என் வீட்டிலேயே ஆரம்பிக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். கேமரா தன் பக்கம் திரும்பியதால் லலிதாம்பாளும் சிரித்தாள்.

மறுநாள் அந்த வீடியோத் துண்டு எல்லார் போனிலும் ஓடியது. சொன்னதைச் செய்கிறவர் என்று எழுதினார்கள். எப்போது செய்வார் என்றும் எழுதினார்கள்.

நாகேஸ்வரனின் மனைவி ராஜஸ்ரீ சமையலறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். "தப்பா எடுத்துக்காதேங்கோ மாமி. அவர் வாயை விட்டுட்டார். எலெக்‌ஷன் வேற வர்றது."

"கரமனைல இருந்த எங்க வீட்டை மச்சினர் வித்தாச்சு. நான் எங்க போவேன் ராஜி?"

"பின்கட்டு ரூம் புதுப் பொண்ணுக்கு வேணும். அவளும் பாவம், போனக்காடு தேயிலை எஸ்டேட்லேர்ந்து வர்றா."

வெள்ளிக்கிழமை ஷாஜி மறுபடி வந்தான். புதுப் பெண் ஷிஜா தலைகுனிந்து நின்றாள். நாகேஸ்வரன் நடுவில் நின்றார். லலிதாம்பாளின் துணிப்பை பின்வாசலில் இருந்தது. அவள் கரண்டியைக் கொடுத்தாள்.

"மாமி சிரிச்சில்லா. ஒண்ணுகூடி எடுக்காம்." சிரித்தபடி இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னான் ஷாஜி.

ஷிஜா கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். நாகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "அடுப்புல இருக்கற புளிக்காய்ச்சலை எறக்கி ஜாடியில போட்டுட்டுப் போங்கோ மாமி. இவளுக்கு உங்க பக்குவம் வராது."

"ரெடி," என்றான் ஷாஜி.

புளிக்காய்ச்சல் அடிப்பிடிக்கத் தொடங்கியது. வாசனை முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. லலிதாம்பாள் கரண்டியை நீட்டியபடி, அவன் சொன்னதுபோலவே சிரித்துக்கொண்டு நின்றாள்.