படி விடுபட்டது

அந்த அலுவலகத்துக் கணினிகளின் வேகத்தைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்து, கன்னத்து வீக்கமும் வடிந்த பிறகு திரையில் வெளிச்சம் வந்த கதையெல்லாம் உண்டு. அப்படித் திரை திறக்கக் காத்திருந்த நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் இரண்டு பேர் பேசிப் பழகிக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். கணினி கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் அவள் வேறு யாருக்காவது வாழ்க்கைப்பட்டிருப்பாள். நன்றாகவும் இருந்திருப்பாள்.

கணவனுக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பெயர். ஒருமுறை தீ விபத்து ஒத்திகைக்கு மணியடித்து, எல்லாரும் மாடிப்படியில் உருண்டு புரண்டு ஓடினார்கள். இவன் மேசையைத் துடைத்து, நாற்காலியை உள்ளே தள்ளி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் கீழே வந்தான். அதற்குள் ஒத்திகை நடத்த வந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார்.

கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் பதவி காலியானது. கண்ணாடி அறை, தனிக் கதவு, சுழல்கிற நாற்காலி. ஊழியர் யார் வேண்டுமானாலும் கணினி அறிவியலில் தேர்வு எழுதலாம், முதலில் வருகிறவருக்கு அறை. எழுத நினைப்பவர்கள் திங்கட்கிழமை மாலைக்குள் மேலாளரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். பிறர் எழுதித் தந்ததைத் தட்டித் தட்டியே கண்ணும் இடுப்பும் போய்க்கொண்டிருந்த அவளுக்கு அந்த அறை மேல் ஒரு கண். கனவில்கூட அந்தக் கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்த்தாள்.

இருவரும் சேர்ந்துதான் படித்தார்கள். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுவார்கள். பிறகு தாளை மாற்றிக்கொண்டு அவன் தாளை அவளும் அவள் தாளை அவனும் திருத்துவார்கள். அவன் தப்பு செய்த இடத்தில் அவள் பெருக்கல் குறி போடுவதோடு விடமாட்டாள். ஏன் தப்பு, எப்படி எழுதினால் சரி என்று ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிக் கொடுப்பாள். அவனும் எழுதுவான், சிவப்பு மையில், இரண்டே வார்த்தை: ‘படி விடுபட்டது.’ பத்து வரி எழுதிய கணினி நிரலில் எந்தப் படி விடுபட்டது என்று அவள் தேடிக்கொண்டே இருப்பாள். வாரா வாரம் அவன் மதிப்பெண் ஏறியது, அவளுடையது இறங்கியது. போன வாரமே அவள் சொல்லிவிட்டாள், “இந்தத் தடவை நான் பேர் குடுக்கலைங்க. எனக்கு இதெல்லாம் ஏறலை.” அவனும் பெருந்தன்மையாக, “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றிருந்தான்.

இது கடைசி ஞாயிறு. பெயர் கொடுக்காவிட்டாலும் அவனுக்குத் துணையாக அவளும் எழுதினாள். பெயர் கொடுக்க மறுநாள் ஒருநாள்தான் பாக்கி. அவள் தன் தாளை வாங்கித் தப்புகளைப் பார்க்க உட்கார்ந்தாள்.

“என்னங்க, இந்த அணிக் கேள்வி...”

“பாத்தேன். சின்னத் தப்புதான், மனசை விடாத.”

ஓர் அணியில் ஐந்து எண்கள் அடுக்கியிருந்தால் கடைசியின் வரிசை எண் என்ன என்பது கேள்வி. கணினி நம்மைப் போல ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். ஆகவே கடைசி, நான்கு. முதல் வாரப் பாடம் அது. அவளும் நான்கு என்றுதான் எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

“நாலு தப்பா?”

“அஞ்சு எண் இருக்குல்ல? அப்ப கடைசி அஞ்சுதானே. அவசரத்துல எழுதிட்ட.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அடடா, அப்ப உங்க தாளைக் குடுங்க.”

“எதுக்கு?”

“நீங்களும் நாலுதான் போட்டிருந்தீங்க. நான் பாட்டுக்கு சரின்னு போட்டுட்டேன். அடிச்சுடறேன்.”

நிதானத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரம் வந்தது. தன் தாளின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டான்.

“அது கிடக்கட்டும் விடு.”

“எப்படிக் கிடக்கட்டும்? தப்பு தப்புதானே. நிஜத் தேர்வுல இதையே போட்டு வெச்சீங்கன்னா?”

“என்னோடது சரிதான்.”

“நாலு சரியா?”

“சரி.”

“அப்ப என்னோடது?”

அவன் அவள் தாளை இழுத்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தான். “உன் கையெழுத்துல நாலு ஒன்பது மாதிரி இருந்துச்சு.”

“இலக்கமா எங்க எழுதினேன்? நான்குன்னு எழுத்துல எழுதியிருக்கேன்.”

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய தாள்களை எல்லாம் கொண்டுவந்து, அவனுடையதையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். அவளுக்குப் படி விடுபட்டது என்று போட்டிருந்த இடங்களில் அவனும் அதே படிகளைத்தான் எழுதியிருந்தான். சில இடங்களில் ஒரு படி குறைவாகவே எழுதியிருந்தான். அவள் அங்கெல்லாம் சரி போட்டிருந்தாள்.

“தெரிஞ்சேதான் பண்ணினீங்களா?”

“நீயும் எழுதினா நீதான் முதல்ல வருவ,” என்றான் அவன், மேசையைப் பார்த்து.

கல்யாணமான நாளிலிருந்து அவள் மூளையை அவன் மெச்சிப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நீ கண்ணாடி ரூமுக்குள்ள உக்காருவ. நான் கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு உன்கிட்ட கேக்கணுமா? ஆபீஸ்ல நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?”

“எழுதாதேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன். தோத்திருந்தா தோத்துட்டேன்னாவது தெரிஞ்சிருக்கும். என்னை முட்டாள்னு நானே நம்புற மாதிரி பண்ணிட்டீங்களே.”

“சாப்பிடலாம் வா. எல்லாம் ஆறிடும்.”

“ஆறட்டும்.”

திங்கட்கிழமை காலை, திரை திறக்குமுன் அவள் மேலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் தன் தாளை யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை.

தேர்வில் வந்த கேள்விகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. வம்பே அதுதான். விடையை எழுதுவாள், உடனே ஓரத்தில் சிவப்பு எழுத்து தெரியும். அடித்துவிட்டு வேறு எழுதுவாள். அது தப்பு என்று கண்டு, முதலில் எழுதியதையே மறுபடி எழுதுவாள். எந்தப் படியும் விடுபடக் கூடாது என்று, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதைக்கூடப் பக்கம் பக்கமாக நிறுவினாள். அவள் கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு அந்தக் கட்டடத்தில் காகிதம் தீர்ந்துபோய், மேற்பார்வையாளர் பக்கத்துக் கட்டடத்துக்கு ஆள் அனுப்பினார். மணி அடித்தபோது கடைசிப் பகுதியை அவள் தொட்டிருக்கவில்லை.

முன் பெஞ்சில் அவன் எப்போதோ முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எந்த இடத்திலும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? வாரா வாரம் அவ்வளவு நேர்மையாக அல்லவா திருத்திக் கொடுத்திருந்தாள்.

அவன் முதலாவதாக வந்தான். அவள் இரண்டாவது. இரண்டாவதுக்கு நாற்காலி கிடையாது.

அவன் கண்ணாடி அறைக்குக் குடிபோன அன்று எல்லாரையும் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார் மேலாளர். நிதானம் எழுந்து தொண்டையைச் செருமினான்.

“என் மனைவி இல்லைன்னா இந்த இடம் எனக்கு இல்லை. என் தப்பை எல்லாம்... ஒண்ணு விடாம... உக்காந்து திருத்தினது அவதான்.”

கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவு அக்கா அவள் தோளை இடித்தாள்.

“குடுத்து வெச்சவடி நீ. நாலு பேர் முன்னால இப்படி வாய்விட்டுச் சொல்ற புருஷன் யாருக்கு வாய்ப்பான்? பாவம், குரல்கூடத் தழுதழுக்குது பாரு.”

“அது ஒண்ணுமில்லைக்கா,” என்றாள் அவள். “உண்மையைச் சொல்றாருல்ல. பழக்கம் இல்லாததால தடுமாறுது.”