கோல்கீப்பரின் இடமாற்றம்

அயர்லாந்தின் லிமெரிக் நகரில், ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. பத்மப்ரியா அதே ஊரில் இரண்டு வருஷமாக நர்ஸ். அவள் கணவன் நாகேஸ்வரனோ அந்தக் கம்பெனியின் திருவனந்தபுரம் கழக்கூட்டம் கிளையில் காப்பீட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டு, கரமனை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த இடத்துக்கு அவனைவிடத் தகுதியானவர் கிளையில் இல்லையென்று மேலாளர் ராஜஸ்ரீயே சொல்லியிருந்தார். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் அயர்லாந்திலிருந்து வரும் இயக்குநர். அவருக்கு ஹர்லிங் என்றால் உயிர்.

நுனி அகன்ற மட்டையால் பந்தை அந்தரத்திலேயே அடித்து விரட்டும் ஐரிஷ் ஆட்டம் அது. ராஜஸ்ரீ அவசர அவசரமாக ஓர் அணி சேர்த்தார். பந்து கல்லைப் போல இருந்ததால் கோலில் நிற்க யாரும் முன்வரவில்லை. நாகேஸ்வரன் கை தூக்கினான். இயக்குநர் கண்ணில் பட அதைவிட நல்ல இடம் ஏது? தவிர, சிறுவயதில் கரமனைத் தெருவில் அவன்தான் விக்கெட் கீப்பர். முதுகுக்குப் பின்னால் ஆறு. பந்தை விட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

இயக்குநர் தன்னோடு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு எதிரணியில் ஆடினார். நாகேஸ்வரன் பந்தை மார்பில் வாங்கினான், முட்டியில் வாங்கினான், மட்டையைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தான். ஒரு கோலும் விழவில்லை. கிளை அணிக்கு முன்வரிசையில் ஆடிய அபிஜித் மட்டையைச் சுழற்றிய போதெல்லாம் புல்தான் பறந்தது.

"சாரே, இனி டிக்கெட் எடுத்தா மதி, வேறொண்ணும் வேண்டா," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான் சக ஊழியன் ஜெயன்.

மாலையில் ராஜஸ்ரீ தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் அவனை வாயாரப் புகழ்ந்தாராம். இனி வருஷாவருஷம் இந்தியக் கிளைகளுக்குள் கோப்பைப் போட்டி உண்டாம். இப்படி ஒரு கோல்கீப்பரை இங்கிருந்து பிடுங்குவது கிளைக்குச் செய்கிற துரோகம் என்றாராம். லிமெரிக்குக்கு அபிஜித் போகிறான். அலுவலக வேலையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஹர்லிங்கை அங்கே போய்த்தானே கற்க முடியும்?

பத்மப்ரியா டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் போன் செய்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஏன்னா, ஒண்ணாவது விட்டிருக்கப்படாதோ?"

"எப்பிடி விடறது? மூணாவது பந்து இடது காலண்டை தாழ்ந்து வந்தது பாரு..."

பஸ் வந்துவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள். நாகேஸ்வரன் ஒரு கையில் போனைப் பிடித்தபடியே, மறுகையால் அந்தப் பந்தை இன்னொரு தடவை தடுத்துக்கொண்டிருந்தான்.